ஏழு கிலோவும் எட்டு கிலோவும்

சுந்தரம் இறந்ததை எனக்குச் சொன்னவர் செல்வம். “ஃபிசிக்ஸ் சார் போயிட்டார் சார். கோர்படியில அவர் வீட்லதான் வச்சிருக்காங்க. வர்றீங்களா?” செல்வம் அங்கே போவார் என்று நான் நினைக்கவில்லை.

கல்லூரியில் இயற்பியல் நடத்திய சுந்தரத்தை உங்களில் பலருக்குத் தெரியும். என் செய்தியில் எண் இருந்தால் அவரிடம் கேட்காமல் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. ஒருமுறை மீன்தொட்டிக் குழாயை வளைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை என்னிடம் நீட்டினார். “ஊதுய்யா, பேப்பர்காரா.” ஊதினேன். இரு பக்க நீர்மட்டத்துக்கும் இருபது சென்டிமீட்டர் வித்தியாசம். “சுமார் ரெண்டாயிரம் பாஸ்கல். நீ பேசற பேச்சுக்கு இது கம்மி” என்றார். பிறகு, “வெளிக்காத்தை இதுல சேர்த்துடாதே. அது ரெண்டு பக்கமும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கு. அதுக்கு மேல எவ்வளவு அழுத்தம்னுதான் கேஜ் காட்டும்.”

விஷ்ராந்த்வாடி பக்கம் ஒரு சலவை ஆலையில் பாய்லர் குழாய் வெடித்து இருவர் வெந்துபோனார்கள். ஆபரேட்டர் செல்வம். கேஜில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ என்று பதிவேட்டில் எழுதியிருந்தார். அனுமதித்த வரம்பு, அதே கேஜ் அளவில், ஏழரை. விசாரணைக் குழுவில் நிபுணராக இருந்த சுந்தரம், “அவன் மேல தப்பே இல்லை” என்று என்னிடம் சொன்னார். அதை நம்பி, வக்கீல் வேண்டாம் என்று செல்வத்திடம் சொன்னவன் நான்.

அறிக்கையில் ஏழோடு வெளிக்காற்றின் அழுத்தம் ஒரு கிலோவைக் கூட்டி எட்டு ஆக்கியிருந்தார்கள். வரம்பு மட்டும் ஏழரையாகவே நின்றது. கீழே சுந்தரத்தின் கையெழுத்து. வரம்பை மீறியதாகச் செல்வத்தின் ஆபரேட்டர் சான்றிதழ் போயிற்று.

நேரில் போய்க் கேட்டேன்.

“மொத்த அழுத்தம் எட்டுதானேய்யா. பொய் ஒண்ணும் எழுதலையே.”

“அப்போ வரம்பு எட்டரை இல்லையா, சுந்தரம்?”

ஜன்னல் பக்கம் பார்த்தார். “காபி சாப்பிடறியா?”

அதன்பின் அவர் உயிரோடிருந்தவரை நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

விசாரணைக்கு முன்பு அந்தக் கணக்கை என் குறிப்பேட்டில் தன் கையாலேயே போட்டுக் காட்டி, ‘ஆபரேட்டர் சரி’ என்று எழுதியிருந்தார். தன் பெயரை இழுக்கக் கூடாதென்று வாக்கும் வாங்கிக்கொண்டார். நான் அதைக் காப்பாற்றினேன், நஷ்டம் செல்வத்துக்கு. நேற்று, சாவு வீட்டிலிருந்து திரும்பும் வழியில், அந்தத் தாளைச் செல்வத்திடம் கொடுத்தேன். மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எதிலிருந்து அளந்தது என்று கேட்கும் பழக்கம் சுந்தரம் தந்தது. அதை வைத்துக்கொள்கிறேன். அவருக்குக் கொடுத்த வாக்கை வைத்துக்கொள்ளவில்லை.