அக்காவுக்காக ஒரு அனிமே பாட்டு

நேற்று மதியம் அக்காவை உட்காரவைத்து பியானோ வாசித்துக் காட்டினேன்!

(ஆமாம், நான்தான். முப்பத்தெட்டு வயதில். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.)

மும்பை தாராவியில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் ஒரு ஜப்பான் அனிமே வரும். ஹிந்தியில் டப் செய்தது. கடைசியில் வரும் பாட்டை மட்டும் ஜப்பான் மொழியிலேயே விட்டிருந்தார்கள்.

ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அது முடியும்வரை டிவியை விட்டு நகரமாட்டேன்.

என் நினைவில் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. தரையில் நான், பக்கத்தில் என்னைவிட மூன்று வயது மூத்த செல்வி அக்கா, நடுவில் ஒரு தட்டு பொரி.

போன வருஷம் நெட்டில் அந்தப் பாட்டின் பியானோ வடிவம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. செம்பூர் ஃப்ளாட்டில் சோபாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

(மனைவி பயந்துபோய், "ஆபீஸ்ல ஏதும் பிரச்சினையா?" என்றாள்.)

மகள் வாசித்து அலுத்துப்போன டிஜிட்டல் பியானோ, இஸ்திரி போடாத துணிகளுக்கு அடியில் கிடந்தது. தோண்டி எடுத்தேன். கிங்ஸ் சர்க்கிளில் பியானோ சொல்லித்தரும் மீரா மிஸ்ஸிடம் போனேன். காலேஜ் முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது அவருக்கு.

ஒரு மாதம் கழித்து அந்தப் பாட்டின் நோட்ஸை நீட்டினேன். பார்த்ததும் சொன்னார்: "அங்கிள், இது ரொம்பக் கஷ்டமான அரேஞ்ச்மென்ட். நீங்க இன்னும் ஸ்கேல்ஸே சரியா வாசிக்கறதில்லையே!"

(அந்த 'அங்கிள்'தான் அதிகம் வலித்தது.)

"இது ஒண்ணு போதும் மிஸ். வேற எதுவும் வேண்டாம்."

கஷ்டம் என்றால் அப்படி ஒரு கஷ்டம்! வலது கையின் சுண்டுவிரல் பாட்டைப் பாட வேண்டும், அதே கையின் மற்ற விரல்கள் நடுவில் சலசலத்துக்கொண்டே இருக்க வேண்டும். இடது கை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் தாவ வேண்டும். என் இடது கை தாவும், இறங்குவது மட்டும் பக்கத்துக் கட்டையில்.

எட்டு மாதம்! ஹார்பர் லைன் ரயிலில்கூட மடியில் இருந்த பையின் மேல் வாசித்துக்கொண்டே போனேன். எதிர் சீட்டுக்காரர் கரிசனமாகக் கேட்டார்: "க்யா பாய், டைப்பிங் எக்ஸாம் ஹை?" (டைப்பிங் பரீட்சையாம்!)

இதற்கிடையே அக்காவிடமிருந்து போன். அவள் கணவருக்கு சூரத்துக்கு மாற்றல். முலுண்ட் வீட்டைக் காலி செய்கிறார்கள்.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. என்னை டவுசர் போட்ட வயதில் பார்த்த ஒரே ஆளும் இந்த ஊரை விட்டுப் போகிறாள். அதற்குள் வாசித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

நேற்று சாப்பாட்டுக்கு வந்தாள். வாசித்தேன். ஒரு தாவலில் சறுக்கினேன், ஆனாலும் முடித்துவிட்டேன்! அழுதிருப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"நல்லாருக்குலே. என்ன பாட்டு இது?"

பெஞ்சில் முழுசாக அவள் பக்கம் திரும்பினேன்.

"எக்கா, வெளையாடாத. ஆறு மணி கார்ட்டூன்! கடைசில வருமே! நம்ம டெய்லி பாத்தோம்லா?"

"நீ பாத்த. நான் எங்கல பாத்தேன்?"

"எம் பக்கத்துலதான உக்காந்திருந்த!"

"மொத பாதிக்கு உக்காந்திருப்பேன். அப்புறம் அப்பா பட்டறையில இருந்து வர்ற நேரம்லா? டிவி ஓடுறதப் பாத்தா உன் தோல உரிச்சிருவாரு. நான் போயி சந்து முக்குல நிப்பேன்."

"அவரு சீக்கிரம் வந்துட்டா?"

"கையப் புடிச்சு கடைக்கு இழுத்துட்டுப் போயிருவேன். ரப்பர் வேணும், பென்சில் வேணும்னு. வீட்டுல எத்தன ரப்பர் கெடந்துச்சு! நீ ஒருநாளாச்சும் மாட்டியிருக்கியா? ஏன்னு யோசிச்சியா?"

யோசித்ததே இல்லை. நான் டிவியை விட்டுத் திரும்பிப் பார்த்திருந்தால்தானே தெரிந்திருக்கும்? பக்கத்தில் அவளை உட்காரவைத்தது என் நினைவுதான்.

"அப்ப, இந்தப் பாட்ட நீ கேட்டதே இல்லியா?"

"சந்து முக்குல எங்கிட்டுக் கேக்க?"

பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். அக்கா வந்து உட்கார்ந்தாள். மறுபடி முதலில் இருந்து வாசித்தேன், மெதுவாக. அதே தாவலில் மறுபடி சறுக்கினேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"இதுக்காகவால அவ்ளோ நாள் நின்னேன்?" சேலை நுனியால் முகத்தைத் துடைத்தாள். "பரவால்ல. நிக்கலாம்."

வியாழக்கிழமை ரயில் ஏறுகிறாள். அதற்குள் இன்னொரு முறை வாசிக்க வேண்டுமாம்.

இந்தத் தடவை தப்பில்லாமல்!