வெறும் பெட்டியில் நான் எழுதிய 'இல்லை'

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஏ.எல். பரீட்சையில் கட்டுரைக்குப் பேனா மூடியையே திறக்காத ஆள் நான். ஆனால் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் இரண்டு பேரும் என்னை 'சேர்' என்கிறீர்கள். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக என் பிழை ஒன்றைச் சொல்கிறேன்.

1. அழகான ஸ்கிரீன்

நான் தனியாக எழுதிய முதல் புரோகிராம் வெள்ளவத்தையில் ஒரு சின்ன டிஸ்பென்சரிக்கு. கவுண்டரில் ஃபரீனா அக்கா நோயாளியின் விவரத்தை அடிப்பார். உள்ளே டொக்டரின் ஸ்கிரீனில் அது வரும். அதில் 'அலர்ஜி' என்று ஒரு பெட்டி. வெறுமையாகக் கிடந்தால் பார்க்க அசிங்கமாக இருந்தது. அதனால், ஒன்றும் அடிக்காவிட்டால் 'இல்லை' என்று காட்டும்படி ஒரு வரி எழுதினேன்.

2. குரல் போன பிள்ளை

ஓடவிட்ட முதல் நாள் கவுண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிருலப்பனையிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிவந்தார். மகளுக்குத் தொண்டை வீங்கிக் குரலே இல்லை.

"புள்ளைக்கு மருந்து ஏதும் ஒத்துக்காதா?" ஃபரீனா அக்காவின் சத்தம் வெளியே பஸ் இரையும் காலி வீதிக்கே கேட்கும்.

அம்மா திரும்பிப் பார்த்தார். பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தார், மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற வீட்டுப் பெரியம்மா.

"அதை உள்ளுக்கு டொக்டரிட்டச் சொல்லுறன்," என்றார் மெதுவாக. ஃபரீனா அக்கா பெட்டியை வெறுமையாக விட்டார். சரியாகத்தான் செய்தார்.

நம்பர் வந்தபோது பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக் கதையில் இழுத்துவிட்டார். மகள் தனியே உள்ளே போனாள். டொக்டர் ஸ்கிரீனில் 'இல்லை' என்றிருப்பதைப் பார்த்து, பெனிசிலின் வகைக் குளிசை எழுதினார்.

குளிசையை வாங்கும்போது அம்மா மகளின் காதில் கேட்டார். "பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதெண்டு எழுதிக் காட்டினியோ?"

மகள் ஃபோனில் எழுதிக் காட்டினாள்: 'டொக்டர் ஸ்கிரீனப் பாத்துத்தானே எழுதினவர்.'

அம்மா குளிசைப் பையைத் திரும்பக் கவுண்டரில் வைத்துவிட்டார். "சின்னதில ஒருக்கா குடுத்து மூச்சே நிண்டு போச்சு." இப்போது சத்தமாகத்தான் சொன்னார்.

பெரியம்மா எழுந்து வந்து பிள்ளையின் தோளைப் பிடித்தார். "இதுக்கோ ஒளிச்சனீங்கள்? எங்கட பெடியன் இறால் திண்டா பலூன் மாதிரி வீங்குவான்."

பிள்ளை சத்தமில்லாமல் சிரித்தாள். டொக்டர் வேறு மருந்து எழுதினார்.

3. ஃபரீனா அக்காவின் கேள்வி

ஃபரீனா அக்கா டொக்டரின் ஸ்கிரீனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "தம்பி, நான் இல்லேன்டு அடிக்கவே இல்ல. அப்ப ஆரு அடிச்ச?"

"நான்தான் அக்கா. போன கிழமை வீட்டில இருந்து."

"அந்தப் புள்ளைய அப்ப நீங்க கண்டதே இல்லியே."



அன்று பின்னேரமே அந்த வரியை அழித்தேன். இப்போது மூன்று பதில்: இருக்கு, இல்லை, இன்னும் தெரியாது. மூன்றாவது சிவப்பில் நிற்கும். டொக்டர் தானே கேட்டுப் பதியும்வரை மருந்துச் சீட்டு அச்சாகாது. கவுண்டரில் ஒரு துண்டுக் கடதாசியும் பேனாவும் வைத்தோம். சத்தமாகச் சொல்ல முடியாதவர்கள் எழுதித் தரலாம்.

தெரியாததைத் தெரியாது என்றே காட்டுங்கள். அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும். தகவல் வராத இடத்தில் புரோகிராம் நிற்கவேண்டும், நல்லதாக ஒன்றை நினைத்துக்கொண்டு ஓடக்கூடாது.

இதை உங்களுக்குத் தருமுன் என்னோடு வேலை செய்யும் கூட்டாளி நிரோஷனுக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

"வாசிச்சன் மச்சான், என்ட கோட்ல எத்தின சனத்துக்கு அவையளக் கேக்காமலே நான் பதில் சொல்லி வச்சிருக்கன் எண்டு தேடிக்கொண்டிருக்கன், கொஞ்சம் வாவன்."