கோயில் சந்து பொது வழியா என்று பார்க்கப் போனேன்

சாந்தோமில் எங்கள் தெருவிலிருந்து மாதா கோயிலுக்குப் போகும் சந்தைப் பூட்டிவிட்டார்கள். அது ஒரு பங்களாவின் மதிலோரமாகப் போகிறது. அங்கே இருந்த துரைசாணி யுத்தத்துக்குப் பயந்து பங்களாவை விற்றுவிட்டுப் போய்விட்டாள். வாங்கியவர் தியாகராய நகர் ஜவுளிக்கடைக்காரர். சந்து வழியே அரை பர்லாங்கு. சுற்றிப் போனால் முக்கால் மைல். அம்மாவுக்கு யானைக்கால். பூட்டியதிலிருந்து அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை இல்லை. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் எட்டாவதோடு பள்ளியிலிருந்து நின்றேன். விசாரிக்க வேறு யாரும் கிளம்பாததால் நானே போனேன்.

காலையில் லஸ்வரை நடந்து டிராம் ஏறினேன். டிக்கெட் ஒரு அணா. மவுண்ட் ரோடு ரவுண்டாணாவில் இறங்கியதும் யாரிடமும் வழி கேட்க வாய் வரவில்லை. ஒரு ரிக்‌ஷாக்காரரே கேட்டார்.

“இன்னா கண்ணு, ரொம்ப நேரமா நின்னுகினு கீறே?”

“சேப்பாக்கம்... சர்வே ஆபீசு...”

“நேராப் போ. அங்க போனவன் எவனும் வெளிச்சத்துல திரும்பினதில்ல. சோறு கட்டிக்கினியா?”

நான் கட்டிக்கொள்ளவில்லை. நீங்கள் போனால் கட்டிக்கொள்ளுங்கள். கதவு எண் அங்கே உதவாது, சர்வே நம்பர் வேண்டும். கோயில் சாமியார் எழுதித் தந்திருந்ததால் தப்பித்தேன்.

மூன்று மணிக்குத்தான் குமாஸ்தா எங்கள் பக்கத்து சர்வே படத்தை விரித்தார்.

“சந்து பங்களா எல்லைக்குள்ள இருக்கு. பொது வழின்னு போடலை. எத்தனை வருஷமா நடக்கறேள்?”

“தாத்தா காலத்துலேர்ந்து.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ கோர்ட்டுல பேசலாமே! யாரையாவது கேட்டுண்டு போனேளா?”

அன்று முதல்முறையாக எனக்குக் குரல் நன்றாக வந்தது. “கேக்காமப் போனதே இல்லீங்க. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தெருவே சேர்ந்து தட்டுல பலகாரம் கொண்டுபோயி, அடுத்த வருஷமும் நடந்துக்கலாமான்னு துரைசாணியைக் கேப்போம்.”

அவர் படத்தைச் சுருட்டினார். “கெடுத்தியேம்மா. கேக்காம நடந்திருந்தா உரிமை. கேட்டு நடந்தா அது அவ காட்டின தயவு. அவ போயாச்சு, தயவும் போயாச்சு.”

“கேக்காம எப்படிங்க போறது? மரியாதை இல்லீங்களே.”

“அதுக்கு நான் என்ன பண்ண? அடுத்தது யாரு?”

உங்கள் தெருவில் இன்னும் பூட்டாத சந்து இருந்தால் யாரையும் கேட்காமல் நடங்கள். நன்றிகூடச் சொல்லாதீர்கள். இப்படி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். “நாம எவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டோம்னு சொன்னியா?”

“சொன்னேம்மா.”

“அப்போ தொறந்துடுவாங்க” என்று, ஞாயிற்றுக்கிழமைக்கான சேலையை எடுத்து உதறினாள்.