அருவிக்குக் காவல் போனது

பெருங்களத்தூர்ப் பக்கம் ஓர் அருவி இருந்தது என்றால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. மழைக்காலத்தில் மட்டும் குன்றிலிருந்து இறங்கும் சிற்றாறு, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு ஒடுங்கி, இரண்டாள் உயரத்திலிருந்து விழும். இடுக்குக்குள் போய்விட்டால் வெளிச்சமே பச்சையாகிவிடும். வானம் தலைக்கு மேலே நாடா மாதிரி கிடக்கும்.

அங்கே போகலாம் என்றது சித்திதான். பள்ளிக்கூட டீச்சரான அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, எங்கள் புராட்டஸ்டண்ட் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் ஒரு ஞாயிறு வாசித்து, யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் கல்யாணம். மாப்பிள்ளை ரயில்வே ஆபீஸ்காரர், கண்ணாடி போட்டவர். அவர்களைத் தனியாக அனுப்ப முடியுமா? ஏழு வயதுக் காவலாக என்னை அனுப்பினார்கள்.

"என்னா பேசிக்கிறாங்கன்னு ஒண்ணு விடாம கேட்டுகினு வந்து சொல்லு" என்றாள் அம்மா.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பாறை வழுக்குமோ, பாம்பு வருமோ. அதைவிட, கேட்டதில் பாதியை வழியிலேயே மறந்துவிடுவேனோ.

"இதான் உங்க குத்தாலமா? நம்ம தாம்பரம் ஸ்டேஷன் குழாயே இதவிட ஜோரா ஊத்துமே" என்றார் மாப்பிள்ளை. சித்தி சிரிக்கவில்லை. என்னை ஒரு பாறைமேல் உட்கார வைத்துவிட்டு, அருவியை ஒட்டிப் போய் நின்றாள். அவரும் போனார்.

இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. பச்சை வெளிச்சத்தில், சாரல் புகைக்கு அப்பால், இரண்டு வாய்கள் மீன் வாய் போலத் திறந்து மூடின. பிறகு சித்தியின் வாய் மட்டும். கடைசியில் அவள் கைகூப்பினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

திரும்பும்போது என் கையைப் பிடித்துப் பாறை தாண்டவிட்டார். "உங்க சித்திக்குத் தைரியம் ஜாஸ்தி பாப்பா" என்றார். வழுக்குப் பாறையில் நின்றதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"என்னடி பேசினாங்க?"

"தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா. அவரு கண்ணாடியத் தொடச்சுகினே இருந்தாரு."

"சாரல் பட்டா தொடைக்க மாட்டாங்களா? உன்னைப் போய் அனுப்பினேன் பாரு."

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. தனக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளையே சொல்லியனுப்பிவிட்டார். அப்பா அவர் வம்சத்தையே சபித்தார்.

மறுவருஷம் சித்தி தன்னோடு வேலை பார்த்த வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். அவர் ரோமன் கத்தோலிக்கர். முன்பு என்றால் எங்கள் வீட்டில் வெட்டுக்குத்தே நடந்திருக்கும். ஓலை நின்றுபோன பெண், இவராவது வந்தாரே என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். கல்யாணப் பந்தியிலும் பழைய மாப்பிள்ளைக்குத்தான் வசவு. சித்தி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் பேச்சை எடுத்தாலே அவளுக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவம், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று நானும் என் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினேன்.