ரதிக்குப் பதில் பாட்டுப் பெட்டி

பதுளைக் கடைவீதியை அப்போது பாட்டுப் பெட்டிப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. துணிக்கடையில் ஒன்று, நகைக்கடையில் ஒன்று. குழல் பெரிதாக இருந்தால் முதலாளியும் பெரிய ஆளாம்! எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி சும்மா இருப்பாரா? அவரும் ஒன்றை வாங்கி, ஓர் ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

அதோடு விட்டாரா? மாசி மாதக் காமன் கூத்தில் அது பாடும் என்று சொல்லிவிட்டார். காமன் எரிந்ததும் அவன் மனைவி ரதி அழுது பாடவேண்டும். ரதி வேஷம் எனக்கு. மகள் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் மூன்று வருஷம் ரதியாக நின்று என் வாயால் அழுகிறேன் என்று நேர்ந்திருந்தேன். அது மூன்றாவது வருஷம்.

"தோட்டத்துத் துரை பார்க்க வர்றாரு. பெட்டி பாடும். நீ வாயை அசைச்சாப் போதும்," என்றார் கங்காணி.

"நேர்ந்துக்கிட்டது நானுங்க. பெட்டி இல்லை."

"ரொம்பப் பேசாதே!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாமிக்கும் எனக்கும் நடுவில் வர இவர் யார்?

காமன் எரிந்தான். பெட்டி பாடியது. யாரோ நாடகக்காரியின் சோகப் பாட்டு. குரல் இனிமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வழக்கத்தில் ரதி ஓரடி பாடி நிறுத்துவாள், லயம் என்கிற எங்கள் வீட்டு வரிசைகளின் பெண்கள் அழுது பதில் பாடுவார்கள். அந்தச் சனியன் நிறுத்தினால்தானே! பெண்கள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். நான் சேலையும் வளையலுமாக வாயசைத்துக்கொண்டு நின்றேன். மகளை இடுப்பில் வைத்திருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அட, பெட்டிக்கு யாரு செத்தாங்களாம்? நீ அழுய்யா!" என்று கத்தினாள்.

பெட்டியில் சுழன்ற பாட்டுத் தட்டு முடிந்தது. கங்காணி மறுபடி சாவி கொடுப்பதற்குள் நான் பாடத் தொடங்கிவிட்டேன். ஓரடி பாடி நிறுத்தினேன். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பாடி முடித்தபோது ஒருவர் கண்ணும் காயவில்லை.

தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துரை எழுந்து வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவேயில்லை. பெட்டியின் குழலைத் தட்டிக்கொடுத்து, இரண்டாவது பாட்டு அருமை, அந்தத் தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கங்காணி கொஞ்சமும் கூசாமல், "பதுளையிலதாங்க துரை, வாங்கித் தர்றேன்," என்கிறார். அடப்பாவி!

துரை குதிரையில் ஏறப்போனார். ஓடிப்போய் முன்னால் நின்றேன். மூடிக் கிடந்த பெட்டியைக் கையால் காட்டினேன். பிறகு தொண்டை கிழிய முதலடியைப் பாடி நிறுத்தினேன்.

என் பின்னாலிருந்து லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் பதில் பாடினார்கள்.