ஒரே ஒரு நேயராவது வேண்டும்

எழுதுகிறவனுக்கு விற்காத புத்தகம் கட்டிலுக்கடியில் கிடந்து உறுத்தும். வானொலியில் பேசுகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, கேட்பவர் பாதியில் எழுந்து போனாலும் தெரியவே தெரியாது. நான் இரண்டு தொழிலையும் பார்க்கிறவன். அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு கதை எழுதுகிறேன், கூப்பிடுகிற கம்பெனிகளுக்கெல்லாம் பின்னணிக் குரல் கொடுக்கிறேன், வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் வியாழன்தோறும் காலை அரை மணி நேரம் சொந்தக் கதை சொல்கிறேன். என்னைப் போலவே பேனாவையும் மைக்கையும் கட்டிக்கொண்டு அழுகிறவர்களே, இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

ஓடி வந்த வாசகர்

என் இரண்டாவது சிறுகதைத் தொகுப்பை முகப்பேரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வெளியிட்டோம். வந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் போண்டாவுக்காக. நான் ஏற்புரை பேசி முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஓர் இளைஞர் வேகமாக வந்தார். கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை, முகமெல்லாம் சிரிப்பு. கையெழுத்துக் கேட்கத்தான் வருகிறார் என்று பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு கம்பெனிக்காக "கதவு மூடுகிறது", "மூன்றாவது தளம்" என்றெல்லாம் பேசிப் பதிவு செய்து கொடுத்திருந்தேன். அது எனக்கே மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. "சார், எங்கேயோ கேட்ட வாய்ஸா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன். நீங்கதானே எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்?"

ஆவடி ரமேஷ்

வானொலி நிலைய மேலாளர் கல்பனா மேடம் ஒரு நாள் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் ஒவ்வொரு நிகழ்ச்சியைப் பற்றியும் ஒரு நேயராவது நிலையத்துக்குப் பேச வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரம் யோகாவுக்குப் போகும் என்றார். நான் எழுதிய கதையை நாலு பேர் காதில் போட எனக்குக் கிடைத்திருந்தது அந்த அரை மணி நேரம் ஒன்றுதான். அதுவும் போனால் நான் வெறும் லிஃப்ட்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நிகழ்ச்சிக்கு இன்னொருவர் நேயராகப் போன் செய்வோம். சமையல் குறிப்பு சொல்லும் வசந்தி எனக்குப் 'பூந்தமல்லி சரளா'. நான் அவருக்கு 'ஆவடி ரமேஷ்'. அந்த மாதப் பதற்றத்தில் எது என்ன நிகழ்ச்சி என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் போன் செய்து, "எனக்கு ரொம்பப் பயனுள்ளதா இருக்கு" என்று பாராட்டித் தள்ளினேன். மேடம் அந்தப் போன் பதிவுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டார். கடைசியாக ஓடியது கர்ப்பிணிகளுக்கான ஆலோசனை நேரம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சார், ஆவடி ரமேஷுக்கு இது எத்தனாவது மாசம்?"

டீக்கடை ஆதரவு

இனி நிஜ நேயரைத் தேடுவது என்று முடிவு செய்தேன். நிகழ்ச்சியை முன்பே பதிவு செய்துவிடுவதால், அது ஒலிபரப்பாகும் நேரத்தில் நான் வெளியே சுற்றலாம். தொழிற்பேட்டைப் பக்கம் தெரிந்த டீக்கடை சேகரிடம் கெஞ்சி, பாட்டை நிறுத்திவிட்டு என் கதையை வைக்கச் சொன்னேன். பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். கதாநாயகி ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

நான் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். சேகர் மட்டும் யோசனையோடு காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டெய்லி ஷிப்ட் மாறுறப்போ டீ குடிச்சவன் எழுந்துக்க மாட்டேன்றான், நிக்க எடமில்ல அண்ணாத்தே, அந்த டைமுக்கு உங்க கதைய வெக்க முடியுமா?"

சன்னல்

நான் பதிவு செய்வது திங்கட்கிழமை. வியாழக்கிழமை நேரலை போலக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு தந்திரம் வைத்திருந்தேன். "இதோ சன்னல் வழியாகப் பார்க்கிறேன், வெயில் பளிச்சென்று அடிக்கிறது" என்று ஆரம்பிப்பேன். எங்கள் பதிவு அறையில் சன்னலே கிடையாது. மாதத்தின் கடைசி வியாழனன்று அந்தப் பளிச் வெயில் ஒலிபரப்பாகி முடிந்த ஒரு மணி நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டு, யோகா ஆசிரியர் திங்களன்று வருகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மாள் பிளாஸ்டிக் வாளியோடு உள்ளே வந்தார். அயப்பாக்கம் தனலட்சுமி அம்மாள். வாளி நிறைய, மழையில் நனைந்து கூழாகிப்போன ஜவ்வரிசி வடகம். வணக்கம் என்றேன். குரலை வைத்தே என்னைப் பிடித்துவிட்டார்.

"நீதானா? மருமவ மழ வரும், ஊத்தாதன்னா. அந்தத் தம்பி சன்னலாண்ட நின்னு பாத்துகினு சொல்லுது, வேலப்பன்சாவடில அடிக்கிற வெயிலு நம்மூட்டாண்ட வர எவ்ளோ நேரம் ஆவும்னு நாந்தான் ஊத்துனேன்."

மேடம் மெதுவாகப் பதிவேட்டை எடுத்து, எத்தனை நாளாகக் கேட்கிறீர்கள் என்றார். "ஆரமிச்ச நாள்லேர்ந்து. ஒரு கத உட்டதில்ல. போன வாரம் பஸ்ஸ உட்டுட்டு நின்னுச்சே ஒரு பொண்ணு, அது ஊடு போய்ச் சேந்துச்சா இல்லியா? நீ சொல்லவே இல்ல."

இத்தனை வருடத்தில் என் கதையில் வரும் ஒருத்தி வீடு போய்ச் சேர்ந்தாளா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றேன். மேடம் பதிவேட்டில் எழுதி, யோகா ஆசிரியருக்கு வேறு நேரம் பார்க்கிறேன் என்றார். மனசு கேட்காமல், அறையில் சன்னல் இல்லை என்பதையும் அந்த அம்மாளிடம் ஒப்புக்கொண்டேன். அவர் நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "கதைல இன்னா பொய் வேணா சொல்லிக்கோ நைனா, கேக்குறேன். வானத்தப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத."

எழுத்தும் பேச்சுமாக இத்தனை வருடம் உழைத்து நான் சம்பாதித்தது ஒரே ஒருவருடைய நம்பிக்கை, அதுவும் அவருடைய இரண்டு கிலோ ஜவ்வரிசி நாசமான பிறகுதான் எனக்குத் தெரிந்தது.