உம்மு குல்சூமின் வெயில்

வெயிலைப் பற்றி உம்மு குல்சூமுக்கு யாரும் வகுப்பெடுக்க முடியாது. தொண்ணூறாம் ஆண்டு போரில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவள். புத்தளத்து உப்பளத்திலேயே இளமையைக் காயவைத்தவள். வெயில் ஏற ஏற உப்பு விளையும் என்பதுதான் அவள் படித்த பாடம். உப்புத் தண்ணீர் பாதங்களை அரித்துப் புண்ணாக்கியபோது, இனி அளத்தில் இறங்கினால் கால் போய்விடும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போர் முடிந்து சில வருடங்களில், நுரைச்சோலைப் பக்கம் ஒரு துண்டுக் காணியில் மிளகாய் நட்டாள். அது கருகினால் மறுபடி உப்பளம்தான், வேறு வழியில்லை.

கிணற்றுக்கு சோலார் பம்பு பூட்ட ஃபாஹிம் என்ற பெடியன் வந்தான். வெயிலில் கரண்ட் எடுக்கும் பெனலுக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி வேண்டும் என்றான். அவள் விடவில்லை.

"கொட்டகைத் தகரத்தோட ஒட்டி வைங்க தம்பி. நல்லாச் சூடேறட்டும். சூடேறினாத்தானே கரண்ட் விளையும்?"

அவளோடு வாயாடி வென்றவர் அந்த ஊரில் இல்லை. கொட்டகைத் தகரத்தின் மேலேயே பெனல்களைப் படுக்கவைத்துவிட்டுப் போனான்.

காலையில் தண்ணீர் கொட்டும். உச்சி வெயிலில், மிளகாய்ச் செடி தலை தொங்கும் நேரம் பார்த்து, பம்பு நின்றுவிடும்.

"உங்கட பம்பும் உச்சிக்கு லுஹர் தொழப் போகுது போல ராத்தா" என்று அடுத்த தோட்டத்து அத்தாஉல்லா சிரித்தார். கடைசி வரிசைகள் வாடத் தொடங்கின.

ஒரு நாள் பகலில் தூறல் விழுந்து ஓய்ந்து, பளீரென்று வெயில் அடித்தது. பம்பு நிற்காமல் ஓடியது. ஏணி வைத்து ஏறித் தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு உடனே ஃபாஹிமுக்குப் போன் எடுத்தாள்.

"பிழை என்ட தம்பி. வந்து உசத்தித் தாங்க. ஆனா ஏனெண்டு சொல்லோணும்."

அவன் வந்து சொன்னான்: "வெளிச்சம்தான் ராத்தா வேலை செய்யிற. அது பெனல்ல இருக்கிற சிலிக்கன்ல பட்டா, உள்ளுக்குள்ள எலக்ட்ரோன் கழண்டு ஓடும். அந்த ஓட்டம்தான் கரண்ட். சூடு கூடினா வோல்டேஜ் விழும், பம்பு நிண்டுரும்."

"அப்ப வெளிச்சம் வேற, சூடு வேறயா?"

ஆயுள் முழுக்க ஒன்றென்று நம்பியதை நின்ற நிலையில் கழற்றி வைத்தாள். அந்த மனசு நம்மில் எத்தனை பேருக்கு வரும்!

அன்றே கம்பு நட்டு, பெனல்களைச் சாய்த்து உயர்த்தினார்கள். அவளும் தோள் கொடுத்தாள். மறுநாள் உச்சியில் தண்ணீர் கடைசி வரிசைவரை போனது. உம்மு குல்சூம் வாய்க்காலில் இறங்கி நின்றாள். தழும்பேறிய பாதங்களின் மேல் தண்ணீர் ஓடியது. கொஞ்சமும் எரியவில்லை.